சிட்னிக்கு ஐந்தரை, பிரிஸ்பேனுக்கு நாலரை: ஆஸ்திரேலிய நேரக் கணக்கு

நீங்கள் கேட்டது இது: சென்னையிலிருந்து ஞாயிறு காலை ஏழரை மணிக்கு இணையவழிப் பாட்டு வகுப்பு எடுக்கிறீர்கள். சிட்னி, பிரிஸ்பேன், அடிலெய்டு, பெர்த் என்று நாலு ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கிறார்கள். அக்டோபர் வந்தால் பாதிப் பேர் நேரம் மாறிவிட்டது என்கிறார்கள், மீதிப் பேர் மாறவே இல்லை என்கிறார்கள். இந்திய நேரத்தோடு எவ்வளவு கூட்டினால் ஆஸ்திரேலிய நேரம் வரும் என்று ஒரு பட்டியல் வேண்டும், ஒரே நாட்டுக்குள் ஏன் இத்தனை குழப்பம் என்றும் தெரிய வேண்டும். உங்களுக்கு உண்மையில் வேண்டியது, ஒரு தடவை எழுதி மேசை மேல் ஒட்டிவைத்தால் வருடம் முழுக்கச் செல்லுபடியாகும் ஓர் எண் என்று நினைக்கிறேன். அப்படி ஓர் எண் பெர்த்துக்கும் பிரிஸ்பேனுக்கும் உண்டு. சிட்னிக்கும் அடிலெய்டுக்கும் கிடையாது. ஏன் என்று தெரிந்துகொண்டால், எண்ணை மனப்பாடம் செய்யும் வேலையையே விட்டுவிடலாம்.

நான் இருப்பது பிரிஸ்பேனில். மருத்துவமனை, முதியோர் இல்லம், சரக்குக் கிடங்கு மாதிரியான இடங்களுக்கு ஷிப்ட் அட்டவணை போடும் மென்பொருளில் பல வருடமாக வேலை. அதனால் இந்த நேர மாற்றம் எனக்குப் பொழுதுபோக்கு விஷயம் இல்லை, வருடத்துக்கு இரண்டு முறை வரும் தலைவலி.

முதலில் சந்தேகமில்லாத கணக்கு. ஏப்ரல் முதல் ஞாயிறு தொடங்கி அக்டோபர் முதல் ஞாயிறு வரை, அதாவது இங்கே குளிர்காலத்தை ஒட்டிய ஆறு மாதம், ஆஸ்திரேலியப் பெருநிலத்திலும் டாஸ்மேனியா தீவிலும் அதிகாரபூர்வமாக மூன்று நேரங்கள்தான். பெர்த் இந்தியாவை விட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். அடிலெய்டும் டார்வினும் நான்கு மணி நேரம் முன்னால். சிட்னி, மெல்போர்ன், கான்பெரா, ஹோபார்ட், பிரிஸ்பேன் எல்லாம் நாலரை மணி நேரம் முன்னால். அக்டோபர் முதல் ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா, டாஸ்மேனியா, கான்பெரா இருக்கும் தலைநகரப் பகுதி ஆகிய ஐந்தும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுகின்றன. குயின்ஸ்லாந்து, வடக்குப் பிரதேசம், மேற்கு ஆஸ்திரேலியா மூன்றும் தொடுவதே இல்லை. அப்போது மூன்று நேரம் ஐந்தாகிவிடும். பெர்த் அதே இரண்டரை, டார்வின் அதே நான்கு, பிரிஸ்பேன் அதே நாலரை. அடிலெய்டு ஐந்து, சிட்னியும் மெல்போர்னும் ஐந்தரை. உங்கள் ஏழரை மணி வகுப்பு ஜூலையில் சிட்னிப் பிள்ளைக்குப் பகல் 12, டிசம்பரில் பகல் 1. பெர்த் பிள்ளைக்கு இரண்டு மாதத்திலும் காலை 10தான்.

டிசம்பரில் பிரிஸ்பேனும் அடிலெய்டும் நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். அடிலெய்டு பிரிஸ்பேனுக்கு வெகு மேற்கே இருக்கிறது. சூரியன் பிரிஸ்பேனுக்குத்தான் முதலில் வருகிறது. ஆனால் கோடையில் அடிலெய்டு கடிகாரம் பிரிஸ்பேனை விட அரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. மேற்கே போகப் போக மணி குறையும் என்று பள்ளியில் படித்ததை நம்பிக் கணக்குப் போட்டால் இங்கேதான் சறுக்கும்.

இதற்கெல்லாம் காரணம், கடிகாரம் மத்திய அரசின் கையில் இல்லை, மாநிலங்களின் கையில் இருக்கிறது என்பதுதான். ஆஸ்திரேலியா ஒரே நாடாகச் சேர்ந்தது 1901இல். அதற்கு முன்பே, தனித்தனிக் காலனிகளாக இருந்தபோதே, நேரத்தைப் பங்கு போட்டுவிட்டார்கள். ஒவ்வொரு ஊரும் தன் தலைக்கு மேல் சூரியன் வரும் நேரத்தைப் பன்னிரண்டு என்று வைத்துக்கொண்டிருந்த காலம் ரயிலும் தந்தியும் வந்தபின் ஒத்துவரவில்லை. 1895இல் கிழக்குக் காலனிகள் 150 பாகைத் தீர்க்கரேகையையும், தெற்கு ஆஸ்திரேலியா 135 பாகையையும், மேற்கு ஆஸ்திரேலியா 120 பாகையையும் எடுத்துக்கொண்டன. உலக நேரக் கணக்குக்கு அடிப்படையான இங்கிலாந்தின் கிரீன்விச்சை விடப் பத்து, ஒன்பது, எட்டு மணி நேரம் முன்னால் என்று முழு மணிக் கணக்கு. அப்படியே விட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

நான்கே வருடத்தில் அடிலெய்டு வியாபாரிகளுக்கு மெல்போர்னை விட ஒரு மணி நேரம் பின்னால் இருப்பது பிடிக்காமல் போனது. மாலையில் விளையாட வெளிச்சம் வேண்டும் என்று கிரிக்கெட், கால்பந்துக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். 1899 மே 1 முதல் தெற்கு ஆஸ்திரேலியா அரை மணி நேரம் முன்னால் நகர்ந்து ஒன்பதரைக்கு வந்தது. அந்த ஒன்பதரைக்கு உரிய 142.5 பாகை ரேகை தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் ஓடவே இல்லை, பக்கத்து விக்டோரியாவுக்குள் ஓடுகிறது! அடுத்த மாநிலத்துச் சூரியனைக் கடன் வாங்கி இத்தனை வருடம் காலம் தள்ளுகிறார்கள். அப்போது டார்வின் உள்ள வடக்குப் பிரதேசமும் தெற்கு ஆஸ்திரேலியாவின் நிர்வாகத்தில் இருந்தது. 1911இல் அது பிரிந்து மத்திய அரசின் கைக்குப் போனது, அரை மணிக் கணக்கு மட்டும் ஒட்டிக்கொண்டது.

ஓர் ஊர் யாரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கிறதோ அவர்களுடைய நேரத்துக்குப் போய்விடும் என்பதற்கு இன்னும் நல்ல உதாரணம் புரோக்கன் ஹில். வெள்ளி, ஈயம், துத்தநாகச் சுரங்கங்களால் வளர்ந்த ஊர். சட்டப்படி நியூ சவுத் வேல்ஸ் மாநிலம், தலைநகர் சிட்னி. ஆனால் தாது போனதும் சாமான் வந்ததும் தெற்கு ஆஸ்திரேலியா பக்கமாகத்தான். சிட்னியோடு நேரடி ரயில் இணைப்பு 1927இல்தான் கிடைத்தது. அதற்குள் ஊர் அடிலெய்டு நேரத்துக்குப் பழகிவிட்டது, இன்றைக்கும் அதுதான். மாணவர் விவரத்தில் மாநிலம் ‘நியூ சவுத் வேல்ஸ்’ என்று இருப்பதை மட்டும் பார்த்து நேரம் போட்டால் புரோக்கன் ஹில் பிள்ளை அரை மணி நேரம் தள்ளித்தான் வகுப்புக்கு வரும். மாநிலத்தைக் கேட்காதீர்கள், ஊரைக் கேளுங்கள்.

விநோதங்கள் இன்னும் உண்டு, உங்கள் வகுப்புக்குத் தேவைப்படாது என்பதால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பெர்த்திலிருந்து அடிலெய்டு போகும் நெடுஞ்சாலையில் யூக்லா என்ற குட்டி ஊரும் அதைச் சுற்றியுள்ள சில சாலையோர விடுதிகளும் பெர்த்தை விட முக்கால் மணி நேரம் முன்னால் கடிகாரம் வைத்திருக்கின்றன. எந்தச் சட்டத்திலும் இல்லாத நேரம் அது, அங்கே இருப்பவர்களாக வைத்துக்கொண்டது. இந்தியாவோடு பார்த்தால் மூன்றே கால் மணி நேரம். நியூ சவுத் வேல்ஸைச் சேர்ந்த லார்டு ஹாவ் தீவு குளிர்காலத்தில் சிட்னியை விட அரை மணி முன்னால் இருக்கும். கோடையில் அரை மணி மட்டும் தள்ளி சிட்னியோடு சேர்ந்துகொள்ளும். மாற்றம் என்றாலே ஒரு மணி நேரம் என்று எழுதப்பட்ட மென்பொருள்களை இந்தத் தீவு படுத்திய பாடு கொஞ்சநஞ்சம் அல்ல.

அப்புறம், கடிகாரத்தைத் தள்ளும் இந்த டேலைட் சேவிங். இரண்டு உலகப்போர்களின்போதும் கொஞ்ச காலம் இருந்து போனது. இப்போதைய கதை 1967இல் டாஸ்மேனியாவில் தொடங்குகிறது. அந்தத் தீவின் மின்சாரம் பெரும்பாலும் நீர்மின்சாரம். வறட்சியில் அணைகள் வற்றியதால், மாலை விளக்கு எரியும் நேரத்தைக் குறைக்கலாம் என்று கடிகாரத்தைத் தள்ளிப் பார்த்தார்கள். மக்களுக்குப் பிடித்துப்போய் நிலைத்துவிட்டது. 1971 கோடையில் சிட்னி, மெல்போர்ன், அடிலெய்டு, பிரிஸ்பேன் எல்லாம் சேர்ந்தன. குயின்ஸ்லாந்து ஒரே கோடையோடு விலகிக்கொண்டது. பிறகு 1989 முதல் மூன்று கோடை சோதனை ஓட்டம் நடத்தி, 1992 பிப்ரவரியில் மக்களிடமே வாக்கெடுப்பு விட்டார்கள். 54 சதவீதத்துக்கு மேல் ‘வேண்டாம்’ என்றது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1975, 1984, 1992, 2009 என்று நாலு வாக்கெடுப்பு. நாலிலும் வேண்டாம் என்றே தீர்ப்பு.

இதைக் கேட்டுச் சிட்னிக்காரர்கள் சிரிப்பார்கள். கூடுதல் வெயிலில் திரைச்சீலை வெளுத்துவிடும், மாடு குழம்பிப் பால் கொடுக்காது என்று குயின்ஸ்லாந்துக்காரர்கள் பயந்தார்களாம் என்று ஒரு பழைய கிண்டல் உண்டு. கிண்டல் கிடக்கட்டும், அவர்கள் மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஹோபார்ட் நிலநடுக்கோட்டிலிருந்து 43 பாகை தெற்கே இருக்கிறது. டிசம்பரில் பகல் 15 மணி நேரத்துக்கும் மேல், ஜூனில் 9 மணி நேரம். அவ்வளவு மிச்ச வெளிச்சம் இருக்கும்போது விடிகாலையில் வீணாவதை மாலைக்கு நகர்த்துவதில் அர்த்தம் உண்டு. டார்வின் வெறும் 12 பாகை. நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான், நம் சென்னையிலும் ஏறக்குறைய அதே அளவுதான். சென்னையில் யாராவது கடிகாரத்தைத் தள்ளச் சொன்னால் என்ன சொல்வோமோ அதைத்தான் டார்வினும் சொல்கிறது. குயின்ஸ்லாந்து இந்த இரண்டுக்கும் நடுவே நீளமாகக் கிடக்கிறது. கிழக்கு ஓரத்தில் நான் இருக்கும் பிரிஸ்பேனில் டிசம்பரில் காலை 5 மணிக்கு முன்பே வெயில் ஜன்னலில் அடிக்கும், மாலை ஆறே முக்காலுக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். தள்ளினால் எனக்கு லாபம். அதே மாநிலத்தின் மேற்கே மவுண்ட் ஐசா சுரங்க நகரத்தில் ஏற்கெனவே சூரியன் மறைய ஏழரை ஆகிறது. தள்ளினால் எட்டரை வரை வெயில். நாற்பது டிகிரிச் சூட்டில் பிள்ளைகளைத் தூங்கவைக்க வேண்டிய அம்மா எதற்கு ஆமாம் என்று ஓட்டுப் போடுவார்? 1992 வாக்கும் ஏறக்குறைய இப்படித்தான் பிரிந்தது. தென்கிழக்கு மூலை வேண்டும் என்றது, வடக்கும் மேற்கும் வேண்டாம் என்றன.

இந்தப் பிளவை நேரில் பார்க்க வேண்டுமானால் கோல்டு கோஸ்டின் தெற்கு முனைக்கு வர வேண்டும். கூலங்கட்டாவும் ட்வீட் ஹெட்ஸும் ஒரே ஊர்போல ஒட்டியிருக்கின்றன. நடுவே மாநில எல்லை. கோடையில் தெருவின் ஒரு பக்கம் காலை 8 மணி, எதிர்ப்பக்கம் 9. இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் வேலையுமாக இருப்பவர்கள் எதைச் சொன்னாலும் “குயின்ஸ்லாந்து நேரமா, நியூ சவுத் வேல்ஸ் நேரமா” என்று சேர்த்தே சொல்வார்கள். கோல்டு கோஸ்ட் விமான நிலையத்தின் ஓடுபாதையே எல்லையைத் தாண்டிப் போகிறது. விமான நிலையம் குயின்ஸ்லாந்து நேரத்தில் இயங்குகிறது. கைப்பேசி எந்தப் பக்கத்துக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும் என்பதால், அங்கே அலாரம் வைக்கிறவர்கள் தானாக நேரம் மாற்றும் வசதியை அணைத்துவிடுவது நல்லது. மூன்று மாநிலங்கள் சந்திக்கும் கேமரூன் கார்னர் என்ற பாலைவன முனையில் இதையே கொண்டாட்டமாக்கிவிட்டார்கள். டிசம்பர் 31 இரவு, கம்பத்தைச் சுற்றி நாலு எட்டு நடந்தால் அரை மணிக்கு ஒரு தடவையாக மூன்று புத்தாண்டு.

இதனால் மின்சாரம் மிச்சமாகிறதா என்று கேட்டால், அங்கேதான் நிச்சயம் முடிந்து சந்தேகம் தொடங்குகிறது. 2000இல் சிட்னி ஒலிம்பிக்ஸுக்காக நியூ சவுத் வேல்ஸும் விக்டோரியாவும் வழக்கத்துக்கு முன்பே, ஆகஸ்ட் கடைசியிலேயே கடிகாரத்தைத் தள்ளின. தெற்கு ஆஸ்திரேலியா தள்ளவில்லை. யாரும் திட்டமிடாமலே ஒரு சோதனைக்கூடம் கிடைத்த மாதிரி. கெல்லாக், உல்ஃப் என்ற இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் விக்டோரியாவையும் தெற்கு ஆஸ்திரேலியாவையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மாலையில் மிச்சமான மின்சாரம் இருட்டான, குளிரான காலையில் செலவாகிவிட்டது, மொத்தத்தில் சேமிப்பு இல்லை என்பது அவர்கள் முடிவு. ஆனால் அது குளிர்காலத்தின் கடைசியில் நடந்த மாற்றம். நடுக்கோடைக்கும் அதே கணக்குதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஏசி பரவிய பிறகு விளக்குச் செலவு பெரிய விஷயமே இல்லை என்பதும் உண்மை. மக்கள் இதை வைத்திருப்பது மின்கட்டணத்துக்காக இல்லை, வேலை முடிந்து வந்தபின் கடற்கரைக்குப் போக வெளிச்சம் கிடைக்கிறது என்பதற்காக என்று நினைக்கிறேன். இது என் கருத்து மட்டுமே.

தேதிகள் நிரந்தரம் என்றும் நினைத்துவிடாதீர்கள். இப்போதைய ‘அக்டோபர் முதல் ஞாயிறு, ஏப்ரல் முதல் ஞாயிறு’ ஒழுங்கு 2008இல்தான் வந்தது. அதற்கு முன் சில வருடம் டாஸ்மேனியா மற்றவர்களை விட மூன்று நான்கு வாரம் முன்னதாகத் தொடங்கிக்கொண்டிருந்தது. 2006இல் மெல்போர்ன் காமன்வெல்த் விளையாட்டுக்காக முடிவுத் தேதியை ஒரு வாரம் தள்ளினார்கள். விளையாட்டுப் போட்டிக்காகக் கடிகாரத்தை நகர்த்துவது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது, பழைய விதியிலேயே நின்ற கணினிகளுக்கு அப்படி இல்லை. நாளைக்கே ஒரு மாநிலம் சட்டம் மாற்றலாம். இலங்கையிலிருந்து வந்த நண்பர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. 1996இல் மின்தட்டுப்பாட்டால் ஒரே வருடத்தில் இரண்டு முறை கடிகாரம் மாறி, 2006 ஏப்ரலில் மறுபடி கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால் என்ற பழைய கணக்குக்கே வந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள்.

இந்த மாற்றங்களையெல்லாம் ஊர்வாரியாகக் குறித்துவைக்கும் பொதுத் தரவுத்தளம் ஒன்று உண்டு. உங்கள் கைப்பேசி, கணினி பெரும்பாலானவற்றுக்கு அடியில் இருப்பது அதுதான். அதில் ‘ஆஸ்திரேலியா/சிட்னி’, ‘ஆஸ்திரேலியா/பிரிஸ்பேன்’, ‘ஆஸ்திரேலியா/புரோக்கன் ஹில்’ என்று ஊர்ப்பெயரில்தான் பதிவு இருக்கும். யூக்லாவுக்குக்கூட ஒன்று உண்டு. எங்கள் வேலையில் முதல் விதி இது: இனி நடக்கப்போகும் எதையும் கிரீன்விச்சுக்குக் ‘கூட்டல் பத்து’, ‘கூட்டல் பதினொன்று’ என்று சேமிக்கக் கூடாது. ஊர்ப்பெயரையும் அந்த ஊர்க் கடிகாரம் காட்டப்போகும் மணியையும் சேமிக்க வேண்டும். விதி மாறினாலும் தரவுத்தளம் புதுப்பிக்கப்பட்டதும் கணக்கு தானே சரியாகும். நடந்து முடிந்ததற்கு இது போதாது. ஏப்ரல் முதல் ஞாயிறு அதிகாலை 3 மணிக்குக் கடிகாரம் 2க்குத் திரும்பும்போது, 2 முதல் 3 வரையிலான நேரம் இரண்டு தடவை வரும். இரவு 11 முதல் காலை 7 வரை ஷிப்ட் பார்க்கும் நர்ஸ் அன்றைக்கு ஒன்பது மணி நேரம் வேலை பார்க்கிறார். 2:10க்கு ஒரு நோயாளிக்கு மருந்து கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி கொடுத்தால், ஏட்டில் இரண்டும் 2:10 என்றே விழும். பார்ப்பவருக்கு ஒரே நிமிடத்தில் இரண்டு வேளை மருந்து கொடுத்தது போலத் தெரியும். அதனால் ஏடு எழுதும்போது எந்த 2:10 என்பதையும் சேர்த்துக் குறிக்க வைக்கிறோம். அக்டோபரில் நேர்மாறு, 2:10 என்ற நேரமே அன்றைக்குக் கிடையாது, ஷிப்ட் ஏழு மணி நேரத்தில் முடியும். அந்தக் கூடுதல் மணிக்குச் சம்பளம் உண்டா என்று கேட்காதீர்கள், அது அந்தந்தப் பணி ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

சரி, உங்கள் வகுப்புக்கு வருவோம். எந்த ஊர்க் கடிகாரத்துக்கு வகுப்பு கட்டுப்பட்டது என்பதை நீங்கள் முதலில் முடிவு செய்ய வேண்டும். சென்னை நேரம் என்று வைத்தால் உங்களுக்கும் பிரிஸ்பேன், பெர்த் பிள்ளைகளுக்கும் வருடம் முழுக்க ஒரே மணி. சிட்னிக்கு 12 மணி 1 ஆகும், அடிலெய்டுக்கு பதினொன்றரை பன்னிரண்டரை ஆகும், அவ்வளவுதான். சிட்னி நேரம் என்று வைத்தால் கோடையில் நீங்கள் ஆறரைக்கே சுருதிப் பெட்டியை எடுக்க வேண்டும், பிரிஸ்பேன் பிள்ளைக்கு 11, பெர்த் பிள்ளைக்குக் காலை 9 ஆகிவிடும். கலந்த வகுப்புக்குச் சென்னை நேரமே மேல் என்பேன், பாதிக்கப்படுவது இரண்டு ஊர் மட்டும். கூகுள் காலண்டரில் வகுப்பைப் பதியும்போது நேர மண்டலம் இந்தியா என்று இருக்கட்டும், அழைப்பை எல்லாப் பெற்றோருக்கும் அனுப்பிவிடுங்கள். அவரவர் ஊர் நேரத்தை அவரவர் கைப்பேசி காட்டும். நீங்கள் கூட்டிச் சொல்ல வேண்டாம். பெற்றோர் யாராவது கணினியில் நேர மண்டலத்தைக் கையால் தேர்ந்தெடுத்தால் ஒரு பொறி இருக்கிறது. விண்டோஸ் பட்டியலில் பிரிஸ்பேனும் சிட்னியும் தனித்தனி வரி, இரண்டின் பக்கத்திலும் ஒரே பத்துதான் போட்டிருக்கும். எண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் பாதி வருடம் தப்பாகும், ஊர்ப்பெயரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் வகுப்பு ஞாயிறு காலை என்பதால் இன்னொன்று. மாற்றம் நடப்பதே அந்த ஞாயிறு விடிகாலை, முதல் அடி அன்றைய வகுப்புக்குத்தான். கைப்பேசி தானாக மாறியிருக்கும், சமையலறைச் சுவர்க் கடிகாரமும் கார்க் கடிகாரமும் மாறியிருக்காது. 2026இல் அந்த நாள்கள் ஏப்ரல் 5, அக்டோபர் 4. முந்தின வெள்ளிக்கிழமையே வாட்ஸ்அப் குழுவில், “ஞாயிறு வகுப்பு: சிட்னி 1 மணி, அடிலெய்டு பன்னிரண்டரை, பிரிஸ்பேன் 12, பெர்த் 10” என்று ஊர் ஊராக எழுதிப் போட்டுவிடுங்கள். ஏப்ரலில் சிட்னியை 12 என்றும் அடிலெய்டைப் பதினொன்றரை என்றும் மாற்றினால் போதும். நாளைக்கு ஆக்லாந்திலிருந்து ஒரு பிள்ளை சேர்ந்தால் நியூசிலாந்து செப்டம்பர் கடைசி ஞாயிறே தள்ளிவிடும், ஆஸ்திரேலியாவுக்கு ஒரு வாரம் முன்னால். அந்த ஒரு வாரம் ஆக்லாந்து சிட்னியை விட மூன்று மணி நேரம் முன்னால் இருக்கும், அப்புறம் வழக்கமான இரண்டுக்கு வந்துவிடும். ஏப்ரலில் மட்டும் இரண்டு நாடும் ஒரே ஞாயிற்றுக்கிழமை திருப்பிவைக்கின்றன.